பயந்தபடியே நகர்ந்த கால்கள்

பின்னலாடையால் பிழைக்கும் நம் ஊரில், பெண்பிள்ளைகளின் பயிற்சிக்கெனத் தன் குடோனையே திறந்துவிட்டு, இன்று இந்த அவைக்குத் தலைமையேற்றிருக்கும் அம்மா செல்லாத்தாள் அவர்களே, துணி தந்து துணைநின்ற கம்பெனி முதலாளி தரணீதரன் அவர்களே, பிள்ளைகளின் பயிற்சியாளர் நாகஜோதி அவர்களே, ஷிப்ட் முடித்து முகம்கூடக் கழுவாமல் ஓடிவந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே, பின்னால் சைக்கிளில் சாய்ந்து நிற்கும் வேலம்பாளையத்துத் தோழர்களே, உங்கள் அனைவரையும் ஓவர்லாக் டெய்லர் அந்தோணிராஜ் இருகரம் கூப்பி வணங்குகிறேன்.

சங்கத்து மேடைகளில் நான் முழங்கியதைக் கேட்டவர்கள் இங்கே உண்டு. போலீஸ் வேன் வந்து நின்றபோதும் மைக்கை விடாதவன் நான். ஆனால் இன்று, என் மகள் ரோஸ்மேரியைத் தேசிய ஜூடோப் போட்டிக்கு வழியனுப்பும் இந்த மேடையில், நாக்கு உலர்கிறது. வீரத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். வீரம் எனக்குத் தெரியாது. பயம் தெரியும். பயத்தைப் பற்றிப் பேசட்டுமா? பேசச் சொல்கிறீர்கள், நன்றி. கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

ஜூடோ என்றால் என்ன? எதிரில் நிற்பவளின் சட்டையைப் பிடித்து, தடுமாற வைத்து, முதுகு தரையில் படும்படி எறிவது. அதற்கு இழுத்தாலும் நீளாத முரட்டுச் சட்டை வேண்டும். நாம் என்ன செய்தோம்? உலகத்துக்கே உடை தைக்கும் ஊருக்கு வெளியூர்ச் சட்டையா என்று மார்தட்டி, முதலாளி கொடுத்த கெட்டியான பனியன் துணியிலேயே தைத்துப் போட்டோம். வெள்ளை வெளேரென்று பார்க்க அழகு. பிடித்து இழுத்தால்? சட்டை வந்தது, ஆள் வரவில்லை. ஒரு முழம் சட்டை வந்தது, பிள்ளை நின்ற இடத்திலேயே நின்றது. சிரிக்கிறீர்கள். முதலாளியும் சிரிக்கிறார்.

நாகஜோதி சிரிக்கவில்லை. இழுத்து எறிய முடியாவிட்டால் நடந்து எறியுங்கள் என்றார். காலைத் தூக்காதே, தரையோடு தேய்த்து நகர் என்றார். நேராகப் பின்வாங்காதே, சாய்வாக விலகு என்றார். வலப்பக்கம் எறியப்போவதுபோல் தோளைத் திருப்பிக் காட்டு. அதைத் தடுக்க அவள் எடையை மறுகாலுக்கு மாற்றுவாள். அந்தக் கால் ஊன்றும் நேரத்தில் தட்டிவிடு என்றார். தோளால் பொய் சொல்லவும் காலால் உண்மை பேசவும் நம் பிள்ளைகள் பழகினார்கள்.

அப்புறம்தான் சேலம் வந்தது. இந்த இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டின் மாநிலப் போட்டி. அங்கிருந்த அதிகாரி எங்கள் சட்டையைத் தொட்டுப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், இது செல்லாது என்றார். வேறொரு அணியிடம் முரட்டுச் சட்டையைக் கடன் வாங்கி மகளுக்குப் போட்டோம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் மகளை இதுவரை யாருமே நிஜமாய்ப் பிடித்து இழுத்ததில்லை.

அவளோடு மோதப் போகிற பெண், முந்தைய ஆட்டத்தில் ஒரு பிள்ளையை எறிந்தாள். விழுந்த பிள்ளைக்குத் தோள்பட்டையில் காரை எலும்பு முறிந்தது. என் கண்ணெதிரே தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தப் பிள்ளையின் செருப்பைக் கையில் பிடித்தபடி அவள் தாய் பின்னாலேயே ஓடினாள். அஞ்சாமல் இருக்க முடியுமா? பஸ் ஸ்டாண்டில் என் மனைவி ஜெபமாலை என்ன சொல்லி அனுப்பினாள்? பிள்ளையை முழுசாகக் கூட்டிவாருங்கள், இல்லையென்றால் இந்த விளையாட்டே வேண்டாம் என்றாள். தலையை ஆட்டிவிட்டு வந்தவன் நான்.

ஆட்டம் தொடங்கியது. எதிரி ஒரே ஓர் இழுப்பு இழுத்தாள். சட்டை நீளவில்லை. என் மகள் மொத்தமாய்ப் போய் முழங்காலில் விழுந்தாள். எழுந்தவள் முகத்தில் இரத்தமே இல்லை. பின்வாங்கினாள். மறுபடியும் பின்வாங்கினாள். அவள் உதடு துடித்தது நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. பயந்தேன் தோழர்களே. அவள் எலும்புக்குப் பயந்தேன், அவள் தாய்க்குப் பயந்தேன், அந்தச் செருப்பைப் பிடித்த கையை நினைத்துப் பயந்தேன். நிறுத்தச் சொல்லும்மா, ஊருக்குப் போய்விடுவோம் என்று நாகஜோதியிடம் கெஞ்சினேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"மொகத்தப் பாக்காதீங்கண்ணே. காலப் பாருங்க" என்றார்.

பார்த்தேன். முகம் வெளுத்திருந்தது. கால்? கால் பின்னவில்லை. தரையை விட்டு எழவில்லை. நேராகப் போகவில்லை, சாய்வாக, இன்னும் சாய்வாக நகர்ந்து, எதிரியைத் தன்னைச் சுற்றி வரவைத்துக் கொண்டிருந்தது. பயந்தவளைப் பிடிப்பது சுலபம் என்று எதிரி அகலக் கால் வைத்து வந்தாள். ரோஸ்மேரி தோளைத் திருப்பினாள். எதிரி எடையை மாற்றினாள். ஊன்றப்போன அந்தக் காலை என் மகளின் பாதம் துடைத்துக்கொண்டு போனது. அரங்கமே கேட்க முதுகு தரையில் விழுந்தது. நடுவர் கையை உயர்த்தினார். முழு வெற்றி, ஆட்டம் அத்தோடு முடிந்தது; தேசியப் போட்டிக்கு வழியும் திறந்தது.

வெளியே வந்தவளிடம் கேட்டேன், பயந்ததுபோல் நடித்தாயா அம்மா என்று.

"நடிக்கலப்பா, நெசமாவே பயந்தேன். நடிச்சிருந்தா அவ கண்டுபிடிச்சிருப்பா. மொகம் அது பாட்டுக்குப் பயப்படட்டும்னு விட்டுட்டேன். காலை மட்டும் பயத்துக்குக் குடுக்கல" என்றாள்.

பெற்றோர்களே, தைரியம் வரட்டும், பிறகு பெண்ணை அனுப்புகிறேன் என்கிறீர்களே, எப்போது வரும் அந்தத் தைரியம்? எனக்கு வரவில்லை. வராமலே அனுப்பினேன். பயப்படாதீர்கள் என்று உங்களிடம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பயப்படுங்கள். பெற்றவர்கள் பயப்படாமல் வேறு யார் பயப்படுவது? ஆனால் நம் பயத்தைக் கொண்டுபோய் அவர்கள் காலில் கட்டாதீர்கள்.

முன்வரிசையில் ஒரு தாய் கேட்கிறார், "ஏனுங்க, இப்பப் பயம் போயிருச்சுங்களா?" என்று. இல்லீங்க தாயி, போகலீங்க. தேசியப் போட்டியில் இன்னும் பெரிய பிடிகள் இருக்கின்றன. இந்த முறை நான் கூடப் போகவும் முடியாது. அணியும் பயிற்சியாளரும் மட்டும்தான். கூட்டம் முடிந்ததும் அவள் பஸ் ஏறுவாள். பஸ் நகரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடத் தோன்றும் எனக்கு. ஓட மாட்டேன். பயந்தபடியே நிற்பேன். அவள் போகட்டும்.

இவ்வளவு நேரம் ஒரு தகப்பனின் நடுக்கத்தைப் பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. எழுந்து நின்று என் மகளை வாழ்த்தி அனுப்புங்கள். வணக்கம்.