உண்மைப் பெட்டி

எங்கள் எஸ்டேட்டில் ஆடி மாதம் துவைத்த துண்டு காய்வதற்கு ஒரு வாரம் ஆகும், இன்ஸ்பெக்டர் ஐயா. ஃபேக்டரியில் வேலை செய்பவனுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. தேயிலை உலர்த்தும் அடுப்புப் பக்கம் போட்டுவிட்டால் காலையில் மொறுமொறுவென்று இருக்கும். என்னிடம் எப்போதும் காய்ந்த துண்டு இருந்ததற்கு அதுதான் காரணம்.

எனக்குப் பதினேழு வயது. பகலில் ஃபேக்டரியில் எடுபிடி, மாலையில் சித்திரபுரத்தில் மின்சார வகுப்பு. பொய் சொல்கிறவனுக்குக் கை வேர்க்கும், ஈரக் கையில் மின்சாரம் கூடுதலாக ஓடும் என்று வகுப்பு மாஸ்டர் ஏதோ பத்திரிகையில் படித்துச் சொன்னார். நான் ஒரு மரப்பெட்டி செய்தேன். உள்ளே கம்பிச் சுருள், அதன் நடுவே திசைகாட்டி முள், டார்ச் பேட்டரிகள். வெளியே பிடித்துக்கொள்ள இரண்டு பித்தளைப் பிடிகள். பொய் சொன்னால் முள் துள்ள வேண்டும்.

எஸ்டேட் மேனேஜர் துரை பார்க்க வந்தார். முதலில் பெரிய கணக்கப்பிள்ளை பிடிகளைப் பிடித்தார். கொழுந்து நிறுக்கும்போது அவர் எடையைக் குறைப்பது நாங்கள் குடியிருக்கும் லைன் வீட்டு நாய்களுக்குக்கூடத் தெரியும்.

"எடையில நான் ஒருநாளும் கை வச்சதில்ல" என்றார். முள் தூங்கியது.

"இது மிஷின் இல்லடா பாஸ்கலு, தெய்வம்" என்று என் முதுகில் தட்டினார்.

அடுத்து கொழுந்து கிள்ளும் மலையிலிருந்து வந்த கங்காணி ராக்கப்பன். தன் பெயரைச் சொன்னதற்கே முள் துள்ளியது.

"அப்ப நான் ராக்கப்பன் இல்லயா? எங்க ஆத்தாகிட்டதாம்லே கேக்கணும்" என்றார். துரையைத் தவிர எல்லாரும் சிரித்தார்கள்.

அன்றே எனக்குக் காரணம் புரிந்தது. மலையில் வேலை செய்பவர்கள் அட்டைக்கடிக்காக உப்பு முடிச்சு வைத்திருப்பார்கள். காலில் தேய்த்துத் தேய்த்துக் கையெல்லாம் உப்பு. உப்பும் மழையும் சேர்ந்த கையில் மின்சாரம் தாராளமாக ஓடும். ஆகவே மலையில் நிற்பவர்கள் பொய்யர்கள், ஆபீஸில் இருப்பவர்கள் யோக்கியர்கள் என்று பெட்டி சொன்னது. துரைக்கு அது புதிய செய்தியாகப் படவில்லை. ஒரே சோதனையை வைத்து முடிவு கட்டக்கூடாது என்று வகுப்பில் படித்திருந்தேன். என் புத்தியின் மேல் எனக்கு எப்போதுமே சந்தேகம். அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

ஸ்டோரில் நூல் சுற்றிய செம்புக் கம்பி ஒரு சுருள் காணாமல் போயிருந்தது. எடுத்தவனைப் பெட்டியை வைத்தே கண்டுபிடி என்றார் துரை. அந்தக் கம்பிதான் பெட்டிக்குள் இருந்தது என்பதால் எனக்குக் கொஞ்சம் சங்கடம். நான் எடுத்ததைப் பார்த்தவர் ஒருவர்தான். பக்கத்து வீட்டு இன்பமேரி அக்கா, கொழுந்து கிள்ளுகிறவர்.

"படிக்கிற புள்ள. நான் வாயத் தொறக்க மாட்டேன், பயப்படாத" என்று அப்போதே சொல்லியிருந்தார்.

நல்லவர்தான். ஆனால் வாக்கு என்பது அளந்து பார்க்கக்கூடிய பொருள் அல்ல.

ஸ்டோர் பக்கம் வந்துபோகும் எல்லாரையும் விசாரித்தோம். ஃபேக்டரி ஆட்கள் என் துண்டில் கையைத் துடைத்துவிட்டுப் பிடித்தார்கள். கொழுந்துப் பெண்களையும் கையைக் கழுவித் துடைக்கச் சொன்னேன். இன்பமேரி அக்காவை மட்டும் மலையிலிருந்து நேராக வரச் சொல்லியிருந்தேன். கூடை முதுகிலேயே இருந்தது. துண்டை நான் நீட்டவில்லை.

"கம்பிய எடுத்தது யாருன்னு தெரியுமா?" என்று கணக்கப்பிள்ளை கேட்டார்.

அக்கா என்னை ஒரு தடவை பார்த்தார். "தெரியாதுங்கய்யா."

முள் கோடி வரை போய் முட்டியது.

இதை ஐயா கவனிக்க வேண்டும். அவர் சொன்னது பொய். பெட்டி சரியாகப் பிடித்த முதல் பொய் அது. செய்தவன் என்ற முறையில் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"அப்ப நீதான் எடுத்தியா?"

"இல்லய்யா, மாதா சத்தியமா."

முள் அங்கேயே நின்றது. அதைப் பற்றி என்னிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

அன்றே லைன் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். மகள் பிலோமியை இடுப்பில் வைத்துக்கொண்டு, போடிக்கு இறங்கும் குறுக்குப்பாதையில் அக்கா புறப்பட்டார்.

"நான் சொல்லல தம்பி. நல்லாப் படி" என்றார்.

மழை வலுத்திருந்தது. அந்தப் பாதையில் மண் சரியும் என்று சொல்லலாமா என யோசித்தேன். மழை விடும்வரை இருந்து போகச் சொன்னால், இருக்கும் நேரத்தில் அக்கா மனம் மாறிப் பேசிவிடலாம். சரியாமலும் போகலாம், என் கணிப்பு பல தடவை தவறியிருக்கிறது. மண்ணுக்குள்ளிருந்து பிலோமியை மட்டும்தான் உயிரோடு எடுத்தார்கள் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

பெட்டியைத் திறந்து கம்பியைப் பார்த்துவிட்டீர்கள். ஆகவே ஒத்துக்கொள்கிறேன். கம்பியை எடுத்தது நான். முள் எதற்குத் துள்ளும் என்று தெரிந்தே அக்காவை அதன் முன்னால் நிறுத்தியதும் நான். ஆனால் அவருக்கு நான் எந்தக் கெடுதலும் நினைக்கவில்லை. இதை வாய்ச்சொல்லாகச் சொல்லவில்லை. அவர் போன நாள் முதல் ஒவ்வொரு மாலையும் பிடிகளைப் பிடித்துக்கொண்டு இதையே சொல்லிப் பார்த்திருக்கிறேன். முள் ஒரு தடவைகூட அசையவில்லை.

பிடிப்பதற்கு முன்னால் கையை மட்டும் நன்றாகத் துடைத்துக்கொள்வேன்.