குரல் போய்விடும் என்றார் டாக்டர்

"வெட்டினா என் பேச்சு போயிடும். வெட்டலேன்னா நானே போயிடுவேன். எது போகட்டும்னு நீ சொல்லும்மா."

மலாயாவில் அவசரகாலச் சட்டம் இருந்த வருடங்கள். சிரம்பானிலிருந்து போர்டிக்சன் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த பெரியவர் கரகரத்த குரலில் மகளிடம் கேட்டார். தொண்டையில் புற்று என்று அன்றுதான் ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

"கோலாலம்பூர்ல வெட்டி எடுத்தாலும் கொஞ்ச காலந்தான் கூடக் கிடைக்குமாம்பா. முழுசாக் குணமாவாதாம். வேணாம்னா, வலிக்கு மருந்து தருவாங்க."

"கோலாலம்பூருக்கு நீ கூட வருவியா?"

"எங்க தோட்டத்துத் தொரை வெளிய போக பாஸ் குடுத்தா வருவேன். நிச்சயமாச் சொல்ல முடியலப்பா."

பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஒங்கம்மா போனதிலேருந்து, சாயங்காலம் ஊரடங்குன்னு தோட்டத்துக் கம்பிவேலி கேட்ட சாத்திட்டா வீட்டுல பேச ஆளில்ல. இந்தப் பேச்ச வச்சு என்ன செய்யப் போறோம், போனாப் போகட்டும்னுதான் மொதல்ல நெனச்சேன்."

"இப்ப?"

"எப்பவாவது நீ வருவல்ல. அன்னிக்கு ஊமையா உக்காந்திருக்கணுமா? வெட்ட வேணாம்மா."

அவள் ஆஸ்பத்திரிச் சீட்டை மடித்துப் பையில் வைத்தாள்.

"சரிப்பா. டாக்டர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அவர் குடியிருந்த ரப்பர் தோட்டம் வந்தது. அவர் மட்டும் இறங்கினார். அவள் இருந்த தோட்டம் இன்னும் தள்ளி. ஊரடங்குக்கு முன் அவளும் போய்ச் சேரவேண்டும். ஜன்னலுக்குக் கீழே நின்று அவர் ஏதோ சொன்னார். இஞ்சின் இரைச்சலில் யாருக்கும் ஒரு சொல்கூட விளங்கியிருக்காது.

"கேட்டுச்சுப்பா," என்றாள்.