அக்கரைப் பேச்சு

— மறுபடி கூப்பிடறாரு. நீ போயேன், கச்சல்லா.

— இப்பத்தான் உக்காந்தேன் அண்ணி. அண்ணன் ஊரே பேசற ஹௌசாவுல கூப்பிட்டா போகமாட்டேனா? நோவுல படுத்ததுலேருந்து அந்தப் பழைய பேச்சுதான். எனக்கு என்ன புரியுது?

— கூடப் பொறந்தவன், உனக்கே புரியலைன்னா...

— நான் பேசக் கத்துக்கறப்பவே வீடு ஹௌசாவுக்கு மாறிடுச்சு. நீங்கதான் அதைப் பேசிக்கிட்டே வந்த மருமக.

— நான் பேசினது ஆத்துக்கு அக்கரைப் பேச்சு. தண்ணிக்கு அங்க ஒண்ணு சொல்லுவோம், இங்க வேறொண்ணு. நான் வாயைத் தொறந்தா தவளை கத்துதுன்னு உங்கம்மா சிரிப்பாங்க.

— பொய்யில்லையே. இன்னும் அப்படித்தான்...

— கழுதை மூஞ்சி! வயசானாலும் வாய் அடங்குதா பாரு.

— திட்டுங்க, திட்டுங்க. அண்ணி திட்டாத கொழுந்தன் இந்த ஊர்ல உண்டா... கூழு குடிச்சாரா?

— எங்க... ஆறிப்போய்க் கெடக்கு.

— மைக்கோட வந்தாங்களே, பல்கலைக்கழகத்துக்காரங்க... அண்ணனும் நாமளும் மூணு பேரும் சேர்ந்து "ஒரு சொல்லும் தெரியாது"ன்னோம். செத்துப்போன மொழின்னு சொல்லிட்டுப் போனாங்க.

— அதைப் பேசினா சந்தையில காட்டுப்பயன்னு கல்லெறிஞ்சாங்க. வேற என்ன சொல்றது?

— கேட்டீங்களா... உள்ளேருந்து அதே கேள்வி.

— கேள்வின்னு உனக்கு எப்படித் தெரியும்?

— ...குரல் ஏறுதுல்ல.

— கச்சல்லா...

— சரி, புரியுது! உங்க மூத்தவன் வந்துட்டானான்னு கேக்கறாரு. போதுமா? கானோ ரோட்டுல லாரி கவிழ்ந்து போனவனை நாமளே மண்ணுல வெச்சோம். இவருக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டாருன்னு மூடி வெச்சிருக்கோம். நான் உள்ள போய் எந்தப் பேச்சுல, என்னத்தச் சொல்ல?

— போயேன், கச்சல்லா...

— நான் சொல்றதுக்கு முன்னாடியே நீங்க ஏன் அழுதீங்க? எங்க கரைப் பேச்சுதான் உங்களுக்குப் புரியாதே.

— மூத்தவன்னு கேக்கலைடா... பேரைச் சொல்லியே கூப்பிடறாரு. மூத்த பிள்ளை பேரைப் பெத்தவங்க சொல்லக்கூடாதுன்னு, நானும் அவரும் ஒரு நாளும் வாயில எடுத்ததில்லை. இன்னிக்குக் காலையில அந்தப் பேரு காதுல விழுந்ததும் எனக்கு மனசு தாங்கல. உள்ள போய், உங்க கரைப் பேச்சுலயே, "வந்துட்டான், கை கால் கழுவறான்"னு சொல்லிட்டேன்... உள்ள இருட்டுதான், மூஞ்சி தெரியாது. உன் குரலும் அவன் குரலும் ஒண்ணு. போ... பக்கத்துல உக்காந்து, அப்பான்னு ஒரு தடவை கூப்பிட்டுட்டு வா.