சனிக்கிழமை நாலு மணிக்கு முடிவு

மேடையில் அமர்ந்திருக்கும், மறைந்த நம் தலைப்பண்ணனின் உடன்பிறந்த அக்கா அவர்களே! முப்பது ஆண்டுகள் அவரைத் தம் கடையில் வைத்திருந்த மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளி அவர்களே! வாசிப்பறையை இரண்டு மணி நேரம் நமக்கென்று திறந்துவிட்ட நூலகர் அவர்களே! இத்தனை நாளும் எழுத்தாக மட்டுமே ஒருவரையொருவர் அறிந்து, இன்று முதன்முதலாக முகத்தோடு வந்திருக்கும் நம் இணையக் குழுவின் உறவுகளே! எல்லோருக்கும் என் வணக்கம்.

ஒலிபெருக்கி எனக்குப் புதிதல்ல. இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருக்கிறேன். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எப்போது கிளம்புகிறது என்று ஒரு நாளைக்கு இருநூறு தடவை சொல்கிறவள். என் குரலைக் கேட்காதவர்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் குறைவு. என் குரலுக்குப் பதில் சொன்னவர்கள் அதைவிடக் குறைவு. கேட்பார்கள், பையைத் தூக்குவார்கள், போய்விடுவார்கள். நான் சொன்னதற்கு முதன்முதலாக மறுமொழி சொன்ன மனிதர் இதோ, இந்தப் படத்துக்குள் இருக்கிறார். அவருக்கு இரங்கல் சொல்ல என்னை நிறுத்தியிருக்கிறீர்கள். எங்கே தொடங்குவேன்?

யார் இந்தத் தலைப்பண்ணன்? கடைக்கு வந்தவர்களைக் கேட்டால், "அப்படி ஒருத்தர் இருந்தாரா?" என்பார்கள். கடையின் பின்னறையில், திரைக்கு அந்தப் பக்கம், சுழலும் கல்லில் லென்ஸைத் தீட்டிச் சட்டத்தில் பொருத்திக்கொண்டிருந்தவர். அவர் வெட்டிக் கொடுத்த கண்ணாடி வழியாகத்தான் இங்கே சிலர் இப்போது என்னைப் பார்க்கிறீர்கள். அவரை நீங்கள் பார்த்ததில்லை!

ஆனால் எங்கள் குழுவைக் கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தலைப்பு வைப்பார்; அதனால்தான் அவர் தலைப்பண்ணன். முந்நூறு சொல்லில் ஒரு கதை. சனிக்கிழமை நாலு மணிக்கு முடிவு. ஒன்பது ஆண்டுகளில் இருநூற்று முப்பத்தொரு போட்டிகள்! பரிசு உண்டா? கிடையாது. கேடயம் உண்டா? கிடையாது. முதல் இடம் ஒருவருக்கு. மற்ற எல்லோருக்கும் இரண்டாம் இடம். மூன்றாம் இடம் என்று ஒன்றை அந்த மனிதர் கடைசிவரை அறிவிக்கவே இல்லை. நான் நூற்றுப் பதினான்கு முறை இரண்டாம் இடம் வாங்கியவள். பெருமையாகத்தான் சொல்கிறேன்.

முடிவோடு வேறொன்றும் வரும். கதை அனுப்பிய ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நாலு வரி. நான் முதலில் எழுதிய தலைப்பு 'பூட்டிய வீட்டின் அழைப்பு மணி'. இரண்டு அறிவிப்புகளுக்கு நடுவே, பயணச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதி, கைப்பேசியில் தட்டி அனுப்பினேன். மொத்தம் நாற்பத்தொரு சொல். குழுவில் யாராவது சிரிப்பார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் எழுதினார்: "முந்நூறு கேட்டேன், நாற்பத்தொன்று தந்திருக்கீங்க. மிச்சம் இருநூற்று ஐம்பத்தொன்பதும் உங்ககிட்டதான் இருக்கு, அக்கா. அவசரமில்லை."

அவசரமில்லை! வண்டி கிளம்பப் போகிறது, வண்டி கிளம்பப் போகிறது என்றே வாழ்நாளெல்லாம் கத்தியவளிடம் ஒருவர் அவசரமில்லை என்றார். அன்று வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

இதோ, ஜன்னல் ஓரமாக நம் குழாய்க்காரர் உட்கார்ந்திருக்கிறார். அவர் முதல் கதையில் வரிக்கு மூன்று எழுத்துப் பிழை. பெரிய படிப்புப் படித்த ஒருவர், "இதுக்குப் பேரு கதையா? குழாய் அடைச்ச மாதிரி இருக்கு" என்று எல்லோரும் பார்க்கும்படி போட்டுவிட்டார். தலைப்பண்ணன் அதிர்ந்து பேசுகிறவரா? இல்லை. ஆனால் அன்றைக்கு எழுதினார்: "அவர் பிழையை நான் பத்து நிமிஷத்துல திருத்திடுவேன். அவர் எழுதின கதையை நீங்க பத்து வருஷத்துல எழுத முடியுமா?" அந்தப் படித்தவர் அன்றே குழுவை விட்டுப் போனார். குழாய்க்காரர் இன்றுவரை இருக்கிறார். பிழையும் இருக்கிறது.

அவையோரே! ஒரு காலத்தில் ஒரு போட்டிக்கு அறுபது கதைகள் வந்தன. பிறகு என்ன ஆயிற்று? நமக்கே தெரியும். ஒருவருக்குக் குழந்தை பிறந்தது. ஒருவருக்கு வேலை மாறியது. படிப்பதைவிடப் பார்ப்பது சுலபம் என்று பலர் பார்க்கப் போனார்கள். யாரும் சண்டை போட்டுப் போகவில்லை. போகிறேன் என்று சொல்லிக்கொண்டும் போகவில்லை. அறுபது முப்பதானது. முப்பது குறைந்து ஆறானது. ஆனாலும் நாங்கள் கலங்கவில்லை. ஏன்? புதிதாக மூன்று பேர் சேர்ந்திருந்தார்கள். ஓய்வு பெற்ற கப்பல்காரர் ஒருவர். மாடிவீட்டம்மா என்று ஒருவர். மனைவிக்குப் பயந்து, எப்போதும் கடைசி நிமிடத்தில் கதை அனுப்புகிற புதுமாப்பிள்ளை ஒருவர். குழு மறுபடி கலகலத்தது!

அந்தக் கப்பல்காரரோடு நான் போட்ட சண்டை குழுவுக்கே தெரியும். என் கதையில் வந்த துறைமுகம் துறைமுகம் மாதிரி இல்லையாம். "நீங்க கடலைப் பார்த்ததுண்டா?" என்று கேட்டுவிட்டார். இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தலைப்பண்ணன்தான் நடுவில் புகுந்து, "ரெண்டு பேரும் விடுங்க, பெரியவங்க இப்படிப் பண்ணலாமா" என்று சமாதானம் செய்து வைத்தார்.

இப்படியிருக்கும்போது ஒரு சனிக்கிழமை நாலு மணிக்கு முடிவு வரவில்லை. ஐந்து மணிக்கும் வரவில்லை. ஒன்பது ஆண்டுகளில் நடக்காதது. திங்கட்கிழமை கடை எண்ணைத் தேடிப்பிடித்துப் பேசினேன். முதலாளி அவர்கள் எடுத்தார்கள்.

"வெள்ளிக்கிழமை மத்தியானம்மா. சாப்பாட்டு நேரம். மேசைமேல தலை வச்சிருந்தான். தூங்குறான்னு நெனச்சேன். அஞ்சு நிமிஷம் கழிச்சு எழுப்பலாம்னு விட்டுட்டேன்."

அந்த ஐந்து நிமிடத்தை முதலாளி அவர்கள் இன்னும் தூக்கிச் சுமக்கிறார்கள். வேண்டாம் ஐயா. மருத்துவர் சொல்லிவிட்டார் அல்லவா? நீங்கள் உடனே எழுப்பியிருந்தாலும் அவர் எழுந்திருக்க மாட்டார்.

நிலுவையில் நின்ற போட்டிக்கு முடிவு சொல்ல வேண்டுமே என்று நான் அவர் வீட்டுக்குப் போனேன். மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு தட்டு. அக்கா அவர்கள் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். "நீங்கதான் பஸ் ஸ்டாண்டு அக்காவா? உங்களப் பத்திச் சொல்லுவான்" என்றார்கள். கடை அளவுகள் எழுதுகிற நீளமான நோட்டு ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். "போட்டி, போட்டின்னு இதுலதான் எழுதுவான்."

இனி நான் சொல்லப்போவது குழுவினருக்குத் தெரியும்; மற்றவர்களுக்குத் தெரியாது. சொல்லலாமா என்று அக்காவிடம் கேட்டேன். "சொல்லும்மா. அவன் ஒளிச்சு வச்சது போதும்" என்றார்கள். அதனால் சொல்கிறேன்.

நோட்டின் பின்பக்கத்தில் இப்படி எழுதியிருந்தது. "கப்பல்காரர். வயது எழுபத்தொன்று. 'ஆகையினாலே' என்று அடிக்கடி எழுதுவார். கோபம் வரும், தணியும். ஜெயிக்கக் கூடாது." அடுத்தது: "மாடிவீட்டம்மா. வயது ஐம்பத்தெட்டு. காற்புள்ளியே போட மாட்டார். எல்லாரையும் கண்ணு என்பார். ஜெயிக்கக் கூடாது." அதற்கும் கீழே புதுமாப்பிள்ளை. அவரும் ஜெயிக்கக் கூடாது.

மூன்று பேரும் அவர்தான்! நான் சண்டை போட்டதும் அவரோடு. சமாதானம் செய்து வைத்ததும் அவர். அந்தப் பக்கத்தின் தலையில், இரண்டு ஆண்டுக்கு முந்தைய தேதியிட்டு ஒரு சின்னக் குறிப்பு: "மூன்று கதைதான் வந்திருக்கிறது. மூன்று என்று அறிவித்தால் அந்த மூன்று பேரும் போய்விடுவார்கள். இந்த ஒரு தடவை மட்டும்."

அன்று ஒரு மனிதருக்கு இரங்கல் சொல்லப் போனவள் நான்கு பேரைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

எல்லோருக்கும் ஒவ்வொருவராகச் சொன்னேன். குழாய்க்காரர் சிரித்தார், பிறகு சிரிப்பு நின்றது. கடைசியாக நம் செவிலியம்மாவை அழைத்தேன். போன ஆண்டு அவர் தாயார் இறந்தபோது, நாற்பது நாள், விடியும் முன்னே மாடிவீட்டம்மாவின் செய்தி அவருக்கு வரும். "எழுந்தியா கண்ணு ஒரு வாய் சாப்பிட்டுட்டு வேலைக்குப் போ கண்ணு." அந்தச் செய்தியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன் என்று அவரே எழுதியிருக்கிறார்.

நான் சொல்லி முடித்ததும் கேட்டார்: "அப்போ எங்கம்மா செத்தப்போ என்கூட இருந்தது யாரு?"

"அவர்தான்மா."

"அவராவே ஏன் வரல? 'நான்தான் பேசுறேன்'னு சொன்னா நான் துரத்தியா விட்டிருப்பேன்?"

"தெரியலம்மா."

"அடுத்த மாசம் மாடிவீட்டம்மாவைப் பாக்கப் போகணும்னு லீவு சொல்லி வச்சிருந்தேன்க்கா. வீடு எங்கன்னு கேட்டேன். அதுக்கப்புறம் அவங்க பேச்சைக் காணோம். நான் என்னமோ தப்பா கேட்டுட்டேன் போலன்னு தெனமும் யோசிச்சிட்டு இருந்தேன்."

தொடர்பைத் துண்டித்துவிட்டார்.

இறந்தவரைப் பற்றி நல்லதையே பேச வேண்டும் என்பார்கள். நான் பூசி மெழுகப் போவதில்லை. அவர் செய்தது பொய். அன்பினால் சொன்ன பொய், ஆனாலும் பொய். ஒரு பெண் இல்லாத வீட்டுக்கு வழி கேட்டுக் காத்திருந்தாள்.

நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பிறகுதான் பார்த்தேன். "அன்புள்ள செவிலியம்மாவுக்கு, மாடிவீட்டில் இருப்பது" என்று தொடங்கி, அடித்திருந்தது. மறுபடி "அன்புள்ள செவிலியம்மாவுக்கு." மறுபடி அடித்திருந்தது. நான்கு முறை. எதுவும் முதல் வரியைத் தாண்டவில்லை. ஊரார் கதைக்கெல்லாம் முடிவு இப்படி இருக்கலாம், அப்படி இருக்கலாம் என்று சொன்னவருக்குத் தன் கதையில் இரண்டாவது வரி வரவில்லை! அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்று காட்டியது. இன்று பணியுடுப்பு மாற்றாமல் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கிறார். மன்னித்துவிட்டாயா என்று நான் கேட்க மாட்டேன், தங்கச்சி. வந்திருக்கிறாய். அது போதும்.

நான் கேட்க விரும்புவது வேறு. அவர் நம்மைத் தனியாக விடக் கூடாது என்று மூன்று பேரை உண்டாக்கினார். அவரைத் தனியாக விடாமல் இருக்க நாம் என்ன செய்தோம்? நம் ஒவ்வொரு கதைக்கும் அவர் நாலு வரி எழுதினார். நாம் யாராவது, "தலைப்பண்ணா, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று ஒரு வரி கேட்டோமா? ஒருநாள் எனக்கு எழுதிய குறிப்பின் அடியில் இப்படி ஒரு வரி சேர்த்திருந்தார்: "இன்னிக்கு கடைல என்கிட்ட ஒருத்தரும் பேசல, அக்கா. வந்தது உங்க கதை மட்டும்தான்." அடுத்த வண்டிக்கு அறிவிப்புச் சொல்லும் அவசரம் எனக்கு. ஒரு கட்டைவிரல் படத்தைத் தட்டி அனுப்பினேன். அவ்வளவுதான். ஒரு மனிதர் கதவைத் திறந்து வைத்தார். நான் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விட்டேன்!

அக்கா அவர்கள் சொன்னார்கள்: "ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவேன். 'நல்லா இருக்கேன்க்கா, வீட்ல ஆளுங்க இருக்காங்க, அப்புறம் பேசுறேன்'னு வச்சிடுவான். யாருடா ஆளுங்கன்னு கேட்டா சிரிப்பான். ஒரு தடவைகூட நான் வந்து பாக்கல."

வீட்டில் இருந்த ஆட்கள் யார்? கப்பல்காரர் இருந்தார். மாடிவீட்டம்மா இருந்தார். புதுமாப்பிள்ளை இருந்தார். நீங்கள் இருந்தீர்கள், நான் இருந்தேன். அந்த ஒற்றை நாற்காலி அறைக்குள் நாம் அத்தனை பேரும் இருந்தோம். நமக்குத்தான் தெரியாது!

அவையோரே! அழுது கலைவதற்காக மட்டும் நாம் கூடவில்லை. அவர் வைத்த இருநூற்று முப்பத்தோராவது தலைப்பு முடிவில்லாமல் நிற்கிறது. வந்த கதைகள் குழாய்க்காரர் எழுதியது ஒன்று, செவிலியம்மா எழுதியது ஒன்று, நான் எழுதியது ஒன்று. என் கதையை நானே விலக்கிக்கொள்கிறேன்; நடுவர் போட்டியில் நிற்கக் கூடாது. மற்ற இரண்டையும் படித்துவிட்டேன். வருகிற சனிக்கிழமை நாலு மணிக்கு முடிவு வரும். போட்டியில் இருப்பது இரண்டு கதைகள் என்று உள்ளபடியே அறிவிப்பேன். அடுத்த தடவை ஒன்றுதான் வந்தால் ஒன்று என்பேன். அந்த ஒன்றைப் படித்து, எழுதியவருக்கு நாலு வரி, நானாகவே, நான்தான் என்று சொல்லி எழுதுவேன். என் உடம்பில் குரல் இருக்கும்வரை இந்தப் போட்டி நிற்காது. இது நம் தலைப்பண்ணனின் படத்துக்கு முன்னால் நான் தரும் வாக்கு.

இருநூற்று முப்பத்திரண்டாவது போட்டிக்குத் தலைப்பு இன்னும் இல்லை. நான் ஒருத்தியாக உட்கார்ந்து அதை வைக்கப் போவதில்லை. கூட்டம் முடிந்ததும் கீழே டீக்கடை இருக்கிறது. அக்கா அவர்களும் வருகிறார்கள். நாம் எல்லோருமாக உட்கார்ந்து யோசிப்போம். எவ்வளவு நேரமானாலும் சரி. தயவுசெய்து யாரும் உடனே வீட்டுக்குப் போய்விடாதீர்கள்.