ஒறிஜினல் கொப்பி

இரவல் வாங்கிய எதையும் நான் திருப்பிக் கொடுக்காமல் விட்டதில்லை. செபநாயகம் அண்ணை, உங்கள் வீட்டுக் குடையையே எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்கு வாங்கிப் போனேன். மறுநாள் காயவைத்து, மடித்து, அண்ணியின் கையிலேயே கொடுத்தேன். சனம் இரவல் வாங்கியதை மறந்துவிடும். நான் மறப்பதில்லை.

கடற்றொழிலாளர் சங்கத் தலைவராக நீங்கள் என்னிடம் எழுத்தில் கேட்டது ஒரு கேள்விதான். வயர்லெஸ் செற்றின் பற்றறியை விற்ற கடைக்காரர் அதைச் சோதித்துப் பார்த்து, ஒரு பழுதும் இல்லை என்கிறார். அப்படியென்றால் றெஜி அண்ணை கடலில் செத்த அன்றைக்கு அது ஏன் வேலை செய்யவில்லை? நியாயமான கேள்வி. மறுமொழி கொஞ்சம் நீளும், பொறுமையாக வாசியுங்கள்.

சங்கக் கந்தோரில் விடியப்புறம் ஆறு மணியிலிருந்து பின்னேரம் நாலு வரை செற்றடியில் இருந்து, கடலுக்குப் போன வள்ளங்களுக்குக் காது கொடுப்பது என் வேலை. அநேகமான நாள்களில் பெரிதாக ஒன்றும் வராது. "ஜெரிசன், மழை வரும்போல கிடக்கோ?" "ஜெரிசன், என்ரை மனிசிட்டைச் சொல்லு, சோத்தைப் போட்டு வைக்கட்டாம்." அவ்வளவுதான். மிச்ச நேரத்தில் என் லப்ரொப்பில் கேம் விளையாடுவேன். அது உங்களுக்கும் தெரியும். ஒருநாளும் நீங்கள் ஏசியதில்லை.

பத்து வருஷமாக நான் விளையாடியது எல்லாம் களவாகப் பூட்டுடைத்த கொப்பிகள். எங்கள் ஊரில் வேறுவிதமாக விளையாடிய ஒருவரையும் நான் கண்டதில்லை. போன வருஷத் தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது, சொல்ல வேறு பாவம் இல்லாத குறைக்கு, அதைச் சொன்னேன். "ஒருத்தன்ரை உழைப்பைக் களவெடுக்கிறதும் களவுதான் மகன்" என்றார் சுவாமியார். அருள் நிறைந்த மரியே செபத்தை ஐந்து தரம் சொல்லச் சொன்னார். நான் அதோடு நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து இருந்த கேம் எல்லாவற்றையும் அழித்தேன். ஆசைப்பட்ட ஒன்றே ஒன்றை, முழு விலையும் கொடுத்து, ஒறிஜினலாக வாங்கினேன்.

றெஜி அண்ணை அப்போது கந்தோர்ப் படியில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "உவனுக்கு விசரடா. சும்மா கிடக்கிற சாமானைக் காசு குடுத்து வாங்கியிருக்கிறான்." நானும் சேர்ந்து சிரித்தேன். நல்ல மனுஷன். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் இருந்ததில்லை, இதை வடிவாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேம் ஒரு கோட்டையைப் பற்றியது. எதிரிப் படை சுற்றி நிற்கும். நான் காக்க வேண்டும். அதற்குள் நான் மட்டும்தான். வெளியில் இருந்து எவரும் வந்து என்னோடு விளையாடுவதில்லை. ஆனாலும் இன்ரநெற் இல்லாமல் அது ஓடாது. நான் கள்ளனா இல்லையா என்று கம்பனியின் சேர்வர் ஒவ்வொரு நிமிடமும் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டுமாம். இணைப்பு அறுந்தால் திரையில் ஒரு பெட்டி வரும்: மூன்று நிமிடத்தில் வெளியேற்றப்படுவீர்கள். வெளியேற்றினால் விளையாடிய சுற்று முழுவதும் போச்சு. சுற்று முடிந்த பிறகுதான் அது சேமிக்கும். சேமிப்பதும் தன் சேர்வரில்தான். கடைசிச் சுற்று ஐம்பது நிமிடம்.

ஐம்பது நிமிடம் கறண்டும் இன்ரநெற்றும் சேர்ந்து நிற்கிற ஊரில் இருந்துகொண்டு அதைச் செய்திருக்கிறார்கள். நான் அந்தச் சுற்றில் ஒன்பது தரம் தோற்றேன். ஒருதரமும் எதிரியிடம் இல்லை. அதே கேமின் களவுக் கொப்பியை, இன்ரநெற் வாசமே இல்லாமல், நீர்வேலியில் வாழைத் தோட்டத்து மோட்டர் கொட்டிலுக்குள் இருந்து என் கூட்டாளி தேனுஜன் விளையாடி முடித்துவிட்டான். "என்ன ஒறிஜினல்காரர், எப்பிடிச் சுகம்?" என்று கண்ட இடமெல்லாம் கேட்பான். களவெடுத்தவன் சந்தோஷமாக விளையாடுகிறான். வாங்கினவனைத்தான் கள்ளன் என்று சோதிக்கிறார்கள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. இப்போதும் எரிகிறது.

கறண்ட் போனால் லப்ரொப் இரண்டு மணித்தியாலம் தாங்கும். றவுட்டர்தான் செத்துவிடும். போனில் இருந்து இணைப்பு எடுத்துப் பார்த்தேன். கந்தோர்ச் சுவருக்குள் போன் கதைக்கலாம், இன்ரநெற் நிற்காது. வயர்லெஸ் செற் கறண்ட் இருக்கும்போது கறண்டில் ஓடும். போனால் பக்கத்தில் இருக்கும் பற்றறியில் ஓடும். பற்றறி பன்னிரண்டு வோல்ற். றவுட்டருக்கும் பன்னிரண்டு. வயர் நுனியைச் சீவிக் கொழுவினால் போதும்.

முதல் தரம் பத்து நிமிடம் இரவல் எடுத்தேன். அந்த நேரம் கடலில் இருந்து கூப்பிட்டதாக ஒருவரும் பிறகு சொல்லவில்லை. இன்னும் ஐந்து தரம் அப்படி எடுத்தேன். ஒவ்வொரு தரமும் திரும்ப வைத்தேன்.

கார்த்திகை மாதம், பின்னேரம் இரண்டரை. காற்று எழும்பியிருந்தது. மற்ற வள்ளங்கள் எல்லாம் கரைக்கு வந்துவிட்டன. றெஜி அண்ணையும் கனிசியஸ் அண்ணையும் போன வள்ளம்தான் மிச்சம். நான் கடைசிச் சுற்றின் முப்பத்திநாலாவது நிமிடத்தில் இருந்தேன். கறண்ட் போனது. பெட்டி வந்தது. பற்றறியைக் கழற்றி றவுட்டருக்குக் கொழுவினேன். பதினாறு நிமிடத்தில் சுற்று முடிந்தது. கோட்டை விழவில்லை. சேமிக்கப்பட்டது என்று திரையில் வந்தபிறகு பற்றறியைத் திரும்பக் கொழுவி, செற்றில் கூப்பிட்டேன். மறுமொழி இல்லை. உடனே உங்களுக்குப் போன் எடுத்தேன். ஐந்து நிமிடத்தில் நீங்கள் உங்கள் வள்ளத்தை இறக்கிவிட்டீர்கள்.

கனிசியஸ் அண்ணை ஒரு வெறும் எண்ணெய்க் கானைக் கட்டிப்பிடித்தபடி மிதந்தார். றெஜி அண்ணை மறுநாள் அரியாலைப் பக்கம் ஒதுங்கினார்.

நான் அன்றைக்குச் சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கறண்ட் போனது, பற்றறி செத்துக்கிடந்தது, கடலில் இருந்து ஒரு சத்தமும் வரவில்லை, காற்றைப் பார்த்துப் பயந்துதான் போன் எடுத்தேன் என்றேன். நீங்கள் என் தோளில் தட்டி, "பொடியன் கெட்டிக்காரன்" என்றீர்கள்.

கனிசியஸ் அண்ணை ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து வேறு கதை சொன்னார். "றெஜி கூப்பிட்டவன். ஜெரிசன் ஓம் எண்டவன். நான் என்ரை காதாலை கேட்டனான்." ஒருவரும் நம்பவில்லை. செத்த செற் எப்படி ஓம் என்னும்? உப்புத் தண்ணி மண்டைக்குள் ஏறிவிட்டது என்றார்கள். பிறகு கதை வேறு பக்கம் திரும்பியது. கான் ஒன்று, ஆள் இரண்டு. தான் தப்புவதற்காக றெஜியைத் தள்ளிவிட்டு இப்போது பொய் சொல்கிறான் என்றார்கள். பூசையில் அவர் வந்து இருந்த வாங்கிலிருந்து றெஜி அண்ணையின் மனைவி டிலக்ஷி அக்கா பிள்ளையையும் தூக்கிக்கொண்டு எழும்பிப் போனார். இன்றைக்கு இந்தக் கரையில் ஒரு வள்ளமும் கனிசியஸ் அண்ணையை ஏற்றுவதில்லை. நீங்களும் ஏற்றவில்லை.

ஒருநாள் அவர் கந்தோருக்கு வந்தார். சாறத்தை ஒரு கையால் பிடித்தபடி வாசலிலேயே நின்றார். "தம்பி, நீ ஓம் எண்டனிதானே? எனக்கு மட்டும் சொல்லு ராசா. நான் ஆரிட்டையும் சொல்லமாட்டன். எனக்கு விசரோ எண்டு எனக்கே பயமாக் கிடக்கு."

"அண்ணை, போய் ஆறுதலாப் படுங்கோ" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

அவருக்கு விசர் இல்லை. கறண்ட் போவதற்குக் கொஞ்சம் முன்பு றெஜி அண்ணை கூப்பிட்டார். "ஜெரிசன், எஞ்சின் நிண்டிட்டுது. தண்ணி உள்ளை ஏறுது. ஆரையாவது கெதியா அனுப்பு." பின்னால் கனிசியஸ் அண்ணை தண்ணீர் இறைக்கிற சத்தமும் கேட்டது. "ஓம் அண்ணை, அனுப்புறன்" என்றேன். போனைக் கையில் எடுத்தும்விட்டேன். அப்போதுதான் கறண்ட் போனது.

இதையும் நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். எஞ்சின் நிற்பது புதினம் இல்லை. மாதத்தில் இரண்டு தரம் எவருக்காவது நிற்கும். உங்களுக்குப் போன் எடுத்தால் முதலில் என்ன கேட்பீர்கள்? எந்தப் பக்கம் நிற்கிறான் என்று. அதை அவரிடம் கேட்க எனக்குச் செற் வேண்டும். செற்றுக்குப் பற்றறி வேண்டும். பற்றறி ஒன்றுதான் இருந்தது. கம்பனி எனக்கு மூன்று நிமிடம் தந்திருந்தது. அதில் இரண்டரை நிமிடம் பற்றறியில் கை வைத்தபடி யோசித்தேன். அவசரத்தில் எடுத்த முடிவு அல்ல. கடலில் நிற்கிறவர்கள் காத்திருந்து பழகியவர்கள். கோட்டை காத்திருக்காது.

இப்போது ஏன் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். பற்றறிக் கடைக்காரருக்குப் பயந்து இல்லை. அதற்கு இன்னொரு பொய் சொல்ல எனக்குத் தெரியும். போன கிழமை கம்பனி ஒரு அறிவித்தல் விட்டது: இனி இன்ரநெற் இல்லாமலும் விளையாடலாம், சேமித்தவை எல்லாம் உங்கள் கணினிக்கே வரும், ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். எட்டு மாதம் பிந்தி வருந்துகிறார்கள். றெஜி அண்ணையைக் கொன்றவர்களை எவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. உங்கள் அறிக்கையில் அவர்களின் பெயரும் வரவேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் அந்தக் களவுக் கொப்பிகளை அழிக்காமல் இருந்திருந்தால், அவர் இன்றைக்கும் படியில் இருந்து வலை பொத்திக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்திருப்பார். நேர்மையாக இருக்க வெளிக்கிட்டதால் வந்த வினை.

நேற்று றவுட்டரை நிற்பாட்டிவிட்டுக் கேமைத் திறந்து பார்த்தேன். திறந்தது. கோட்டை அப்படியே நிற்கிறது. அன்றைய திகதியும் நேரமும் பக்கத்தில் இருக்கின்றன.

கனிசியஸ் அண்ணைக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். அனுப்புகிறேன் என்றேன், அனுப்பினேன். பற்றறியையும் இருந்த இடத்திலேயே வைத்தேன். அறிக்கையில் என்னைப் பற்றி என்ன வேண்டுமென்றாலும் எழுதுங்கள். கள்ளன் என்று மட்டும் எழுத வேண்டாம்.