மணலுக்கு அடியில் இருபது குருணை

முழங்கால் இன்றைக்கு மோசம். முப்பத்து நாலு வருஷம் டோர்ட்ரெக்ட் நகரத் தெருக்களில் மண்டி போட்டுச் செங்கல் பதித்தவனுக்குக் கிழக்குக் காற்று அடித்தால் இப்படித்தான். உட்கார்ந்தபடியே பேசுகிறேன் அம்மா, மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். காபி ஆறுவதற்குள் குடியுங்கள்.

மார்க் போடும் தாளோடு வந்திருக்கிறீர்கள். மீன்தொட்டிச் சங்கத்துக்கு நீங்கள் புது நடுவர். வீடு வீடாகப் போய்த் தொட்டி பார்க்கிறீர்கள். இத்தனை பரிசு வாங்கியவன் வீட்டில் தொட்டி ஏன் காய்ந்து கிடக்கிறது என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். மீன்களைக் கொடுத்துவிட்டேன், செடிகளைக் குப்பையில் போட்டேன், மண்ணை ஆற்றில் கொட்டினேன். ஏன் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

மூன்றாவது வீட்டில் இருக்கும் தூனிஸும் நானும் ஒரே கூட்டத்தில் கல் பதித்தவர்கள். எனக்கு முன்பே அவனுக்கு முழங்கால் போய்விட, பழைய இரும்புக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான். அவன் மனைவி நேல்ச்சேவுக்கு மூளையில் ரத்தக்குழாய் அடைத்து வலது பக்கம் செயலற்றுப் போனது. பேச்சும் போனது. ஒரே ஒரு சொல் மட்டும் மிச்சம்: "ஆமா." பசித்தாலும் ஆமா, கோபம் வந்தாலும் ஆமா. தலை எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்துத்தான் அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டும். முன்னறையில் ஜன்னலோரம் அவள் கட்டில். காலையில் நர்ஸ் வந்து குளிப்பாட்டிவிட்டு ஒன்பது மணிக்குப் போய்விடுவாள். மதியம் நான் போய் சூப் சூடு பண்ணிக் கொடுப்பேன். சாவி என்னிடம் இருந்தது. தெருவில் எல்லோரும் என்னை நல்லவன் என்றார்கள். அந்த அளவுக்கு நான் நல்லவனாகத்தான் இருந்தேன்.

அவள் பார்ப்பதற்கு ஏதாவது இருக்கட்டும் என்று முதல் ஜாடியை வைத்துக் கொடுத்ததே நான்தான். வறுவல் கடையில் வெள்ளரி ஊறுகாய் வரும் ஐந்து லிட்டர் கண்ணாடி ஜாடி. மேய்ச்சல் கரையில் அகழெலி வளை தோண்டி மேலே தள்ளிவிட்ட மண்ணை அள்ளி வந்தேன். அந்த மண்ணில் உரம் கிடையாது, வேர் கிடையாது, எலியே சலித்துக் கொடுத்துவிடும். ஊறவைத்து, மிதப்பதை வடித்து, இரண்டு விரல் உயரம் பரப்பி, மேலே இரண்டு விரல் மணல். தண்ணீர் நிரப்பி நாலு தண்டு நீர்ச்செடி. மூன்றாம் வாரம் இலைகளில் குமிழி வர ஆரம்பித்தது. நேல்ச்சே இடது கையால் கண்ணாடியைத் தொட்டு "ஆமா" என்றாள். அதற்குத் தலை ஆட்டத் தேவையே இருக்கவில்லை.

ஜாடி அறுபது லிட்டர் தொட்டி ஆனது. எந்தச் செடி எங்கே என்று அவள் விரலால் காட்டுவாள், தூனிஸ் நடுவான். பதினாலு நியான் மீன். அவற்றுக்குத் தீனி போடுவது அவள் வேலை. பத்து மணிக்கு டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை. உலகத்தில் அவள் கையால் நடந்த காரியம் அது ஒன்றுதான். அதை நான் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் அவர்கள் தொட்டிக்கு முதல் பரிசு. பதினொரு வருஷமாக அது என்னுடையது. பரிசளிப்பு அன்று சங்கத்தில் எல்லோர் முன்னாலும் தூனிஸ் என் முதுகில் தட்டினான்.

"டேய் லேன், கல்லு பதிக்கிறவன் நட்டா செடியும் கல்லு மாதிரிதான்டா நிக்கும். மட்டப்பலகை வெச்சா நட்ட?"

"நீயும் கல்லு பதிச்சவன்தானேடா."

"நான் எங்க நட்டேன்? நட்டது என் பொண்டாட்டி. ஒத்தக் கையில உன்னத் தோக்கடிச்சுட்டா பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். சக்கர நாற்காலியில் இருந்த நேல்ச்சேவும் சிரித்தாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து என் தொட்டி முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். அவன் சொன்னது சரி. கல் மாதிரிதான் நின்றது.

மறு வருஷம் செப்டம்பரில் தூனிஸ் வந்தான். "மண்ணுல சத்துப் போயிடுச்சுடா. நடுவர் வர்றதுக்குள்ள மாத்தணும். மண்ணு போடறதுக்கு உன் கைதான் வேணும்" என்றான். அவன் வேலைக்குப் போயிருந்த ஒரு மதியம், மீன்களை வாளியில் விட்டு, மண்ணை மாற்றினேன். மணல் போடுவதற்கு முன்னால் சட்டைப் பையிலிருந்து கோழி எருக் குருணைகளை எடுத்தேன். தோட்டத்துக்குப் போடுகிற சாதாரணக் குருணை. இருபது. எண்ணித்தான் எடுத்துப் போனேன். இடுக்கியால் ஒவ்வொன்றாக மண்ணில் அழுத்தினேன்.

மணல் மூடியபின் ஒன்றும் தெரியாது. தண்ணீர் தெளிவாக இருக்கும், செடி முதல் வாரம் இன்னும் பச்சையாகக்கூட இருக்கும். பிறகு அடியில் அழுகும். கொஞ்சம் பாசி பிடிக்கும், நாலு மார்க் குறையும், அவ்வளவுதான் நினைத்தேன் என்று ஒரு வருஷமாக எனக்கு நானே சொல்லிவந்தேன். உங்களிடமும் அப்படிச் சொல்லத்தான் இருந்தேன். ஆனால் எண்பத்தெட்டில் இதே தவறைத் தெரியாமல் செய்து என் தொட்டியில் ஒரு மீன் மிஞ்சவில்லை. எனக்குத் தெரியும்.

நேல்ச்சேவும் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிலுக்கும் தொட்டிக்கும் ஒரு கை தூரம். என் தோட்டத்து எருச் சாக்கிலிருந்து அடிக்கிற வாசனை அவளுக்குத் தெரியாதா? "ஆமா" என்றாள். தலை இல்லை என்று ஆடியது. "ஆமா, ஆமா." நான் நிமிரவில்லை. நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: அவள் வாய்பேச முடிந்தவளாக இருந்திருந்தால் நான் செய்திருக்கமாட்டேன்.

நடுவர் வர நாலு நாள் இருந்தது. மதியம் சாவி போட்டுத் திறந்தபோது கட்டில் கம்பியில் அவள் தட்டும் சத்தம் கேட்டது. தண்ணீர் மோர் மாதிரி கலங்கியிருந்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஐந்தாறு ஏற்கெனவே பக்கவாட்டில் கிடந்தன. நர்ஸ் போன நேரத்திலிருந்து தட்டியிருக்கிறாள் என்பது கையைப் பார்த்தால் தெரிந்தது. விரல் முட்டியில் தோல் உரிந்திருந்தது.

பாதித் தண்ணீரை மாற்றியிருந்தால் பாதி மீன் பிழைத்திருக்கும். வாளி சமையலறையில்தான் இருந்தது. நான் பட்டாணி சூப்பைச் சூடு பண்ணினேன். அவள் வாய் திறக்கவில்லை. கட்டில் சக்கரத்தின் பூட்டை எடுத்து, அவளைச் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்தேன். பார்த்து வேதனைப்படவேண்டாம் என்றுதான் திருப்பினேன். அது இரக்கம் என்று அன்று நம்பினேன். ஆனால் அவள் பார்த்துக்கொண்டிருந்தது மீனை அல்ல, என்னை.

சாயங்காலம் தூனிஸ் கூப்பிட்டான். கட்டிலைப் பழையபடி திருப்பிவிட்டு, பதினாலு மீனையும் ஒரு தட்டில் எடுத்து வைத்திருந்தான்.

"என்னடா ஆச்சு? நீ சொல்லு, உனக்குத்தான் தெரியும்."

நான் தண்ணீரை மோந்து பார்த்தேன். மேஜையில் தீனி டப்பா இருந்தது. அதை எடுத்துக் குலுக்கினேன்.

"தீனி அதிகமாயிடுச்சு போல. அடியில தங்கி அழுகியிருக்கு."

அவன் கட்டில் பக்கம் திரும்பினான். "நேல், அதிகமா போட்டியா?"

"ஆமா" என்றாள். அவளுக்கு வேறு சொல் ஏது? தலை வேகமாக இல்லை என்று ஆடியது. தூனிஸ் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் ஒரு நொடி விட்டிருந்தால் புரிந்துகொண்டிருப்பான். "பாரு, அவளே ஒத்துக்கிட்டா" என்றேன்.

"ஏன்டி இப்படிப் பண்ணின? ஒரு சிட்டிகைன்னு எத்தனை தடவை சொன்னேன்?" என்றான். கல்யாணமாகி நாற்பது வருஷத்தில் அவளை அவன் அதட்டி நான் கேட்டதில்லை. டப்பாவை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தான்.

அந்த வருஷம் முதல் பரிசு எனக்கு வந்தது.

தூனிஸ் தொட்டியைக் கழுவி ஒதுக்கிவிட்டு, புதிதாக ஒரு ஜாடி வைத்தான், மீன் விட்டான். டப்பாவை மட்டும் கொடுக்கவில்லை. அவள் ஜாடி பக்கம் திரும்பவில்லை. சூப்பும் இரண்டு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை. மதியம் நான் தொடர்ந்து போனேன், போகாவிட்டால் ஏன் என்று கேட்பார்களே. என் கையால்தான் சாப்பிட்டாள், வேறு கை இல்லை. ஒருநாளும் என்னைப் பார்த்து ஆமா என்று சொல்லவில்லை. பிப்ரவரியில் இரண்டாவது தடவை அடைப்பு வந்து போய்விட்டாள். அடைப்புதான் காரணம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். நானும் யார் கேட்டாலும் அதைத்தான் சொல்கிறேன்.

தூனிஸ் வியாழக்கிழமைதோறும் காபிக்கு வருகிறான். நீங்கள் இருக்கிற நாற்காலியில்தான் உட்காருவான். போன வாரமும் அதையே சொன்னான்.

"தெரியாம போட்டுட்டா, போகட்டும்னு விட்டிருக்கலாம்டா. அந்த டப்பாவையாவது கையில கொடுத்திருக்கலாம். நான் கொடுக்கல."

"விடுடா, பழசு" என்றேன். கூட ஒரு பிஸ்கட் எடுத்து வைத்தேன்.

உண்மை தெரிந்தால் அவன் உடைந்துபோவான், அதனால்தான் சொல்லவில்லை என்று நினைத்துக்கொள்கிறேன். அவன் ஏற்கெனவே உடைந்துதான் வருகிறான், என்னிடம்தான் வருகிறான். உங்களிடம் சொல்ல முடிந்ததற்குக் காரணமும் பெரிதாக ஒன்றுமில்லை, நீங்கள் அவளைப் பார்த்ததில்லை.

தாளில் தொட்டி காலி என்று எழுதிக்கொள்ளுங்கள். அவ்வளவு போதும். தூனிஸுக்கு நான் கடன்பட்டிருப்பது ஒரு வாக்கியம், அது இன்னும் பாக்கி: நேல்ச்சே ஒரு சிட்டிகைக்கு மேல் போடவே இல்லை, மீன்களைக் கொன்றவன் நான்.