மதகுக்கு இடப்பக்கம் ஒரு மொட்டைப் பனை

புத்தகத்துக்கு அட்டைப்படம் வரையக் கற்றுக்கொடுப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பிள்ளைகளை முதலில் அந்தப் புத்தகத்தைப் படிக்க வைக்க வேண்டும், அவ்வளவுதான். எதைக் கொடுத்தாலும் ஒரு பெண் முகம், பக்கத்தில் ஒரு நிலா என்று வரைந்துகொண்டு வந்து நிற்பார்கள். அதனால் நான் அட்டையைக் கிழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் கொடுப்பேன். படித்துவிட்டு வா, கண்ணால் பார்த்ததை வரை, மனசில் தோன்றியதை வரையாதே என்பேன். சொன்னதைச் சொன்னபடி கேட்டவள் உங்கள் அக்கா அம்சம் ஒருத்திதான்.

நீங்கள் அவள் படங்களைக் கேட்டு நன்னிலத்திலிருந்து வந்திருக்கிறீர்கள், ராசம்மாள். இருக்கிறதை எல்லாம் கட்டி வைத்திருக்கிறேன். அவள் எப்படிச் செத்தாள் என்றும் கேட்டீர்கள். மிராசுதார் தியாகராசன் போய்ச் சேர்ந்துவிட்டார், சொல்வதில் இனி யாருக்கும் நஷ்டம் இல்லை.

பள்ளி அப்போது திருவாரூரில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் நடந்தது. கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்த என்னை அழைத்து வாத்தியாராக்கியவர் தியாகராசன். ஏன் ஆக்கினார் என்பது எனக்குத் தெரியும். நில உச்சவரம்பைச் சர்க்கார் பாதியாகக் குறைத்தபோது, அவர் தன் நிலத்தில் பெரும்பகுதியைத் தாயார் பெயரில் ஒரு கல்வி அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். அறக்கட்டளை நிலத்தில் சர்க்கார் கைவைக்காது. கல்வி என்று காட்ட ஒரு பள்ளிக்கூடம் வேண்டும், ஓவியப் பள்ளி என்றால் செலவு குறைவு. ஆனால் நான் உண்மையாகவே சொல்லிக்கொடுத்தேன். கோடு, வடிவம், நிறம், வெற்றிடம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதம். எழுபத்தொன்று தேர்தலில் இந்தப் பக்கத்துச் சுவர்களில் பாதியை எங்கள் பிள்ளைகள்தான் எழுதினார்கள், எல்லாக் கட்சிக்கும்.

அம்சத்துக்கு வெற்றிடம் பிடிபட்டுவிட்டது. அது பலருக்குக் கடைசிவரை பிடிபடாது. காகிதத்தில் இடம் இருந்தால் எதையாவது போட்டு அடைத்துவிடுவார்கள். அவள் பாதியை அப்படியே விடுவாள், விட்ட இடம் வயலாகத் தெரியும். நாற்று நட்ட கை, எங்கே இடைவெளி விடுவது என்று அதற்குத் தெரியும் என்று வகுப்பில் கிண்டல் செய்வேன். அவளும் சிரிப்பாள்.

ஒரு புதன்கிழமை அவள் ஒரு அட்டைப்படம் கொண்டுவந்தாள். ஒரே நிறம், இந்தியன் இங்க். ஜன்னல் வழியாகத் தெரியும் ஒரு மதகு, அதற்கு இடப்பக்கம் ஒரு மொட்டைப் பனை, மிச்சமெல்லாம் வெள்ளை. விவசாயத் தொழிலாளர் சங்கத்துப் புத்தகம் என்றாள். அச்சடிக்கப் பிளாக் செய்யக் கொடுப்பதற்குமுன் நான் ஒரு தடவை பார்க்க வேண்டுமாம்.

"படிச்சுட்டுத்தானே வரைஞ்சே?" என்றேன்.

"படிச்சேன் சார். அறக்கட்டளைன்னு சொல்லி நெலத்தைப் பதுக்குறவங்களைப் பத்தி. நம்ம பள்ளிக்கூடமும் ஒரு பக்கத்துல வருது." கொஞ்சம் தயங்கினாள். "உங்களைப் பத்தித் தப்பா ஒண்ணும் இல்லீங்க சார். நீங்க நல்லா சொல்லிக்குடுக்குறீங்கன்னு நான்தான் எழுதச் சொன்னேன்."

அந்தப் புத்தகம் வெளியே வந்தால் தாலுகா ஆபீஸில் விசாரணை வரும், பள்ளியை மூடுவார்கள். எனக்குப் பயம் வந்தது. மறுபடி ஏணியில் ஏறி உரக்கடைக்கும் துணிக்கடைக்கும் எழுத்து எழுதுவதை நினைத்துப் பார்த்தேன். பிள்ளைகளையும் நினைத்தேன்.

புத்தகத்தை எழுதியவர் சங்கத்துத் தலைவர் நடராசன். அறுவடைத் தகராறில் அவர்மேல் வழக்கு இருந்தது, தலைமறைவாக இருந்தார். போலீசும் தேடியது, தியாகராசனின் ஆட்களும் தேடினார்கள். எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. அம்சத்தின் படத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்த மதகையும் மொட்டைப் பனையையும் நான் பல தடவை வரைந்திருக்கிறேன். ரோட்டில் நின்று பார்த்தால் பனை மதகுக்கு வலப்பக்கம் வரும். இவள் படத்தில் இடப்பக்கம் இருந்தது. அப்படியென்றால் ஆற்றின் அக்கரையிலிருந்து வரைந்திருக்கிறாள். மதகின் மேல்பரப்பு நன்றாகத் தெரிந்ததால், உயரத்திலிருந்து வரைந்திருக்கிறாள். அக்கரையில் மாடி உள்ள கட்டடம் ஒன்றே ஒன்றுதான், மூடிக்கிடந்த அரவை மில். சொந்தக்காரர் மலேசியாவில் இருந்தார். கண்ணால் பார்த்ததை மட்டும் வரை என்று நான் சொன்னதை அவள் ஒரு கோடுகூடப் பிசகாமல் செய்திருந்தாள். ஆசிரியனாக எனக்கு அதில் திருப்தி.

படத்தை வாங்கி வைத்துக்கொண்டு மறுநாள் காலையில் தியாகராசனிடம் போனேன். அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரு வரைஞ்சது வாத்தியாரே?"

சொன்னேன்.

"நம்ம பள்ளிக்கூடத்துப் பொண்ணா?" அவர் முகம் சுருங்கியது. "பொம்பளப் புள்ள மேல கைபட்டுதுன்னா ஊரு தாங்காதுங்க. அந்தாளு மட்டும் போதும். புள்ள அங்க இல்லாத நேரம் பாத்துச் சொல்லுங்க."

"சனிக்கிழமை சாயங்காலம் வகுப்பு இருக்குங்க. இங்கதான் இருப்பா" என்றேன்.

அவர் நல்லவர் என்று நான் சொல்லவில்லை. இந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னதை மாற்றிச் சொல்வது சரியாக இருக்காது.

சனிக்கிழமை சாயங்காலம் ஆட்கள் மில்லுக்குப் போனார்கள். மாடி அறைக்கதவை வெளியே தாழிட்டு, நடைப்பக்கத்து ஜன்னல் வழியாக ஈட்டியால் குத்தினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். உள்ளே எத்தனை பேர் என்று அவர்கள் பார்க்கவில்லை. கூலித் தகராறு என்று வழக்கு எழுதி, அதையும் முடித்துவிட்டார்கள். திங்கட்கிழமை நான் வகுப்பு எடுத்தேன். தலைப்பை எங்கே வைப்பது என்பது அன்றைய பாடம். பிள்ளைகள் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை, இன்றுவரை வரவில்லை. தியாகராசன் அதற்கப்புறம் அந்த மாடிப்படி ஏறவே இல்லை. சம்பளம் மட்டும் ஆள் மூலமாக வரும்.

நீங்களும் பள்ளிக்கூடத்து ஆசிரியை, அதனால் புரிந்துகொள்வீர்கள் என்று நினைக்கிறேன். நடராசன் மட்டும் செத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தப் படத்தை அம்சம் என்னைத் தவிர யாரிடமும் காட்டவில்லை. யார் சொன்னது என்று அவளுக்கு அன்றைக்கே விளங்கியிருக்கும். அவள் வகுப்பில் சொல்வாள். வாத்தியார் காட்டிக்கொடுப்பவர் என்று தெரிந்தபின் எந்தப் பிள்ளை என்னிடம் படத்தை நீட்டும்? பிள்ளைகள் நம்பாத வாத்தியாரால் சொல்லிக்கொடுக்க முடியாது. அந்தப் புத்தகம் வெளிவரவில்லை, பள்ளி அதற்குப்பின் பதினாறு வருஷம் நடந்தது. அங்கே படித்தவர்கள் இன்று சென்னையில் பெரிய பதிப்பகங்களில் இருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் அவளைக் கூப்பிட்டேன். படத்தைத் திருப்பிக் கொடுத்து, மதகின் நிழலைப் பென்சிலால் வட்டமிட்டுக் காட்டினேன். நிழல் தப்பாக விழுந்திருக்கிறது, உட்கார்ந்து வரைந்த அதே இடத்திலிருந்து சாயங்கால வெயிலில் பார்த்துத் திருத்து என்றேன்.

"நாளைக்கு வகுப்பு இருக்கே சார். திங்கக்கெழமை போய்ப் பாத்துக்கவா?"

"வகுப்புக்கு வரவேண்டாம். நாளைக்கே போயிடு."

சரிங்க சார் என்று படத்தைச் சுருட்டிக்கொண்டு போனாள். நிழல் சரியாகத்தான் இருந்தது.